கொல்கத்தாவா, மும்பையா, டெல்லியா? முதலில் கிழமையைப் பாருங்கள்

கொல்கத்தாவுக்கு முதல் தடவை போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இறங்கினேன். பெட்டியை லாட்ஜில் போட்டுவிட்டு, குளித்தும் குளிக்காமலும் புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன். தெரு முழுக்க ஷட்டர். நடைபாதைக் கடைகளெல்லாம் பலகை வைத்து மூடி, பூட்டுப் போட்டுக் கிடந்தன. ஒரு கடைப் பலகையின் மேல் நாய் ஒன்று ஆற அமரத் தூங்கிக்கொண்டிருந்தது. போனால் போகிறது, நாளைக்குக் காலையில் மியூசியம், மத்தியானம் புத்தகக் கடை என்று கணக்குப் போட்டேன். மறுநாள் மியூசியம் வாசலில் போய் நின்றால், திங்கள்கிழமை வார விடுமுறை. தாகூர் வீடும் அன்றைக்கு மூடல். யாரைக் குறை சொல்ல? ஞாயிறு மியூசியம், திங்கள் புத்தகம் என்று மாற்றிப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூட வீணாகியிருக்காது. வெறும் கிழமைக் கணக்கில் ஒன்றரை நாள் போயிற்று.

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மூணு நாள் லீவு கிடைக்கும், சனி ஞாயிறு சேர்த்தா அஞ்சு நாள். மியூசியம், பழைய புத்தகக் கடை, உட்கார்ந்து படிக்க நல்ல காப்பிக் கடை, இது மூணும் இருக்கற ஊரா ஒண்ணு சொல்லுங்க." மலை, கடல், கோயில் எதுவும் வேண்டாமாம். என் வளர்ப்பு அப்படி. சிறுவயதில் அவனை எழும்பூர் மியூசியத்துக்கும் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக்கும் இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான்தான். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி அவனிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

கடைசியில் மூன்று ஊர்கள் நின்றன: கொல்கத்தா, மும்பை, டெல்லி. மூன்றிலும் பெரிய மியூசியம் உண்டு, பழைய புத்தகம் உண்டு, பழைய காப்பிக் கடையும் உண்டு. ஆனால் அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன, எந்தக் கிழமையில் எது திறந்திருக்கும், வாங்கியதை எப்படித் தூக்கி வருவது என்று பார்த்தால் மூன்று ஊர்களும் தனித்தனி ரகம்.

டெல்லியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பமே இல்லை. டெல்லிக்குப் பழைய புத்தகத்துக்காகப் போகிறீர்கள் என்றால் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டும். தர்யாகஞ்ச் நடைபாதையில் பல வருடம் நடந்த ஞாயிறு புத்தகச் சந்தையை 2019இல் அங்கிருந்து எடுத்து, ஆசஃப் அலி ரோடு பக்கம் மகிளா ஹாட் என்ற வளாகத்துக்கு மாற்றினார்கள். டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். நடைபாதையில் இருந்தபோது இருந்த நெரிசலும் சுவாரசியமும் குறைந்துவிட்டன என்பது என் எண்ணம். ஆனால் தரையில் விரித்த துணிமேல் மலைபோல் குவித்து, சில இடங்களில் கிலோ கணக்கில் தராசில் நிறுத்துப் போடுகிற காட்சி இன்னும் இருக்கிறது. சமையல் புத்தகமும் தத்துவ நூலும் ஒரே எடைக்கல்லுக்கு எதிரே உட்காரும். அரிய பதிப்பு தேடுகிறவருக்கு இங்கே அதிர்ஷ்டம் வேண்டும்; கண்ணில் பட்டதை வாங்கிப் படிக்கிறவருக்கு இதுதான் சொர்க்கம்.

டெல்லியின் தேசிய அருங்காட்சியகத்தை ஒரே ஒரு பொருளுக்காகவே பார்க்கலாம். மொஹஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த அந்த நடன மங்கை, படத்தில் பார்த்துப் பார்த்து ஆள் உயரம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நேரில் 10.5 சென்டிமீட்டர், நம் உள்ளங்கைக்குள் நின்றுவிடுவாள். பக்கத்து அறைகளில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. இந்த மியூசியத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள். அதனால் ஜன்பத் கட்டடத்தில் பார்க்க நினைக்கிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். இங்கேயும் திங்கள் விடுமுறை. காப்பிக்கு கனாட் பிளேஸ் பக்கம் மோகன் சிங் பிளேஸ் மாடியில் இந்தியன் காபி ஹவுஸ். மொட்டை மாடி மேஜை கிடைத்தால் தட்டிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், குரங்குகள் நம்மைவிடச் சுறுசுறுப்பு.

டெல்லியின் குறை, இந்த மூன்றும் மூன்று திசையில் கிடப்பது. சனிக்கிழமை மியூசியம், ஞாயிறு காலை சந்தை என்று வைத்துக்கொண்டால் முடியும். சென்னையிலிருந்து ரயிலில் போனால் போகவே ஒன்றரை நாள் ஆகிறது, தூரம் கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். ஐந்து நாளில் மூன்று நாள் ரயில் பெட்டியிலேயே கழியும். ஆபீஸ் வேலையாகவோ கல்யாணத்துக்கோ டெல்லி போகிறவர்கள் ஒரு ஞாயிறைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே கிளம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

மும்பை விஷயம் வேறு. மூன்று ஊர்களில் கிழமைத் தொல்லை குறைவான ஊர் மும்பை. சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா, அதாவது பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், வாரம் முழுக்கத் திறந்திருக்கும். 1905இல் அடிக்கல் நாட்டி 1922இல் பொதுமக்களுக்குத் திறந்த கட்டடம். கட்டடக்கலைஞர் ஜார்ஜ் விட்டெட். நுழைவுக் கட்டணம் மற்ற இரண்டு ஊர்களையும்விட அதிகம்தான், கொடுத்த காசுக்கு மோசமில்லை. மற்ற ஊர்க்காரர்கள் எதிர்பார்க்காத பொருள் ஒன்று இங்கே இருக்கிறது: அசீரிய அரண்மனைச் சுவரிலிருந்து வந்த புடைப்புச் சிற்பப் பலகைகள். மெசபடோமியாவில் கிடந்த கல்லை கொலாபா பக்கம் நின்று பார்க்கலாம்.

அங்கிருந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி. வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஃப்ளோரா ஃபவுண்டன், அங்கே நடைபாதைப் புத்தகக்காரர்கள். கொஞ்சம் தள்ளி டவுன் ஹாலில் ஆசியாட்டிக் சொசைட்டியின் பழைய நூலகம். வடமேற்கே மெட்ரோ சினிமா பக்கம் நடந்தால் கயானி, 1904இல் தொடங்கிய இரானி ஹோட்டல். ஒரே நடையில் எல்லாம். வயதானவர்களையோ, புத்தகம் என்றாலே கொட்டாவி விடுகிற வாழ்க்கைத் துணையையோ அழைத்துப் போகிறீர்களா, மும்பைதான். அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

இரானி ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தேநீர்தான் ராஜா, காப்பி இல்லை. கட்டம் போட்ட மேஜை விரிப்பு, அதன்மேல் கண்ணாடி, வளைந்த மர நாற்காலி. பன் மஸ்கா என்றால் வெண்ணெய் தடவிய பன் என்று லேசாகச் சொல்லிவிடலாம். தட்டில் வரும்போது வெண்ணெய் ஓரத்தில் வழிந்து நிற்கும். அதை இரானி சாயில் முக்கி எடுத்தால் தேநீரின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். பார்க்க அழகில்லை, சாப்பிட அமிர்தம். மெத்தென்ற பன் பிடிக்காதவர்கள் மொறுமொறுப்பான ப்ரூன் கேட்கலாம். பல் உறுதியாக இருந்தால்.

அப்புறம் ஏன் தயக்கம் என்றால், புத்தகம். மும்பையில் பழைய புத்தகத்தின் காலம் மங்கிவிட்டது. 1948இல் தொடங்கி, ஃபோர்ட் பகுதியில் வாசகர்களுக்குப் புகலிடமாக இருந்த ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் 2018இல் மூடப்பட்டது. ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் முன்பிருந்த வரிசை சுருங்கிவிட்டது. இருப்பவர்களிடமும் புது நாவல்களும் சுயமுன்னேற்றப் புத்தகங்களும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. அவற்றில் கள்ளப்பதிப்பு உண்டு. தாள் சாணிக் காகிதமாக, எழுத்து சற்றுச் சாய்ந்தோ மங்கியோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். புதுப் புத்தகத்துக்கு கிதாப் கானா இருக்கிறது, 2020 டிசம்பரில் தீப்பிடித்து, சில மாதங்களில் மறுபடி எழுந்து நின்ற கடை. உட்கார்ந்து புரட்ட மிக நல்ல இடம். ஆனால் பழுப்பேறிய தாளைத் தேடிப் போகிறவருக்கு அது வேறு உலகம்.

எனக்குப் பிடித்தது மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள். பூங்காவைச் சுற்றி நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். பாடப் புத்தகம்தான் பெரும்பாலும், ஆனால் பொறுமையாகக் கிளறினால் ஏதாவது அகப்படும். அது போகட்டும், மாட்டுங்கா நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பேட்டை. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று நாள் பன்னும் பாவுமாக ஓட்டிய பிறகு அங்கே ஒரு ஃபில்டர் காப்பி கிடைக்கும்போது கண் கலங்காவிட்டால் நீங்கள் கல் நெஞ்சக்காரர்.

பைகுலாவில் டாக்டர் பாவ் தாஜி லாட் மியூசியம் என்று இன்னொன்று, 1872இல் தொடங்கியது. நகரத்து மக்கள், அவர்களின் தொழில்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் களிமண் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கொலு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடித்துவிடும். அதற்குப் புதன் விடுமுறை. புதுப்பிப்பு வேலை என்று அவ்வப்போது மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி கொல்கத்தா. எனக்கு இந்த ஊர்மேல் பட்சபாதம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற இரண்டு ஊர்களிலும் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. 1984இல் ஓடத் தொடங்கிய, நாட்டின் முதல் மெட்ரோ பாதை வடக்கு தெற்காக நமக்கு வேண்டிய இடங்களைக் கோத்துக்கொண்டு போகிறது. கிரீஷ் பார்க்கில் இறங்கினால் ஜோராசாங்கோ, தாகூர் பிறந்து, 1941இல் இறந்த வீடு. அடுத்த ஸ்டேஷன் மகாத்மா காந்தி ரோடு, அங்கிருந்து காலேஜ் ஸ்ட்ரீட். இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி பார்க் ஸ்ட்ரீட்டில் இந்தியன் மியூசியம், 1784இல் தொடங்கிய ஆசியாட்டிக் சொசைட்டி, 1927 முதல் கேக் விற்கும் ஃப்ளூரிஸ். அதற்கும் தெற்கே நேதாஜி பவன். 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் தப்பிப் போன வாண்டரர் கார் அந்த வீட்டில் நிற்கிறது. டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

இந்தியன் மியூசியத்தை ஊர்க்காரர்கள் ஜாதுகர் என்கிறார்கள், மாய வீடு என்ற பொருளில். 1814இல் ஆசியாட்டிக் சொசைட்டிக்குள் தொடங்கியது. சௌரிங்கி கட்டடம் 1878இல் திறந்தது. எகிப்து மம்மியைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் நேராக பார்ஹுத் கூடத்துக்குப் போங்கள். மத்தியப் பிரதேசத்தில் 1873இல் தொல்லியலாளர் கன்னிங்காம் கண்டெடுத்த புத்தத் தூபியின் வேலி, செந்நிறக் கல், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அதில் ஒரு வட்டச் சிற்பத்தின் முன் நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஒரு தோப்பை விலைக்கு வாங்குகிறார். நிலம் முழுக்கக் காசு பரப்பினால்தான் தருவேன் என்கிறான் உரிமையாளன். சிற்பத்தில் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சதுரக் காசுகளைச் செங்கல் பதிப்பதுபோல் அடுக்குகிறார்கள். காசு ஏற்றி வந்த வண்டி ஓரத்தில் நிற்கிறது. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடுகள் படுத்து ஓய்வெடுக்கின்றன. சிற்பி அந்த மாடுகளை விட்டிருந்தாலும் கதை புரிந்திருக்கும்; விடவில்லை. அடியில் பிராமி எழுத்தில் விளக்கம், கோடி பரப்பி வாங்கிக் கொடுத்தார் என்று. அந்தக் 'கோடி' நாம் இன்றைக்குச் சொல்கிற அதே கோடிதான்.

காலேஜ் ஸ்ட்ரீட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புத்தகம், சரி. ஆனால் அதில் பெரும்பகுதி நீட் கைடு, நர்சிங் பாடம், அரசுத் தேர்வு வினா வங்கி. பழைய புத்தகம் கொஞ்ச இடத்தில்தான், பிரசிடென்சி பல்கலைக்கழகச் சுவரை ஒட்டி. அங்கே கைவிட்டுக் கிளறக் கூடாது; கடைக்காரரிடம் என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர் இரண்டு நிமிடம் யோசித்து, அடியிலிருந்து நான்காவது கட்டை உருவி எடுப்பார். 'தாதா' என்று கூப்பிடுவார்கள். வங்காளியில் அது அண்ணன், பயப்பட வேண்டாம்.

அப்படி ஒருவர் எனக்கு ஒரு பழைய கெஸட்டியரை, அதாவது ஒரு பகுதியைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பை, எடுத்துக் கொடுத்தார். முழுத் துணி பைண்டிங், உள்ளே கலைத்துவிட்ட ஏதோ ஒரு நூலகத்தின் ஊதா முத்திரை, ஓரத்தில் ராமபாணப் பூச்சி போட்ட பொடிப்பொடி ஓட்டைகள். விலையைக் கேட்டு நான் பேரம் தொடங்குவதற்குள் அவரே கடைசிப் பக்கத்தைத் திறந்து, மடித்து ஒட்டியிருந்த வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். மடிப்பில் நடுவே கிழிந்து, ஒரு மூலை இல்லை. "மேப் போச்சு, அதனால்தான் இந்த விலை" என்றார். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் எங்கே போனாலும் இதைச் செய்ய வேண்டும்: அட்டையைப் பார்த்து மயங்காமல், படங்களும் வரைபடங்களும் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டி எடுத்துத் தனியாகச் சட்டம் போட்டு விற்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கெஸட்டியரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

நடைபாதை அலுத்தால் தாஸ்குப்தா அண்ட் கம்பெனி, 1886இலிருந்து இதே தெருவில். அதற்கப்புறம் மாடிப்படி ஏறி காபி ஹவுஸ். பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடம். உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் விசிறிகள், சுவரில் பெரிய தாகூர் படம், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். காப்பிக்காகப் போகாதீர்கள். நம் டிகிரி காப்பி நாக்குக்கு அங்கே வேலையில்லை. பால் இல்லாத கறுப்புக் காப்பியை இன்ஃப்யூஷன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வாங்கிய புத்தகத்தை மேஜையில் பரப்பி உட்காருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். அதுதான் அந்த இடத்தின் சிறப்பு. பசித்தால் முட்டை வலை போர்த்திய கவிராஜி கட்லெட். வெயில் நாளானால் காலேஜ் ஸ்கொயர் பக்கம் பாரமவுண்ட், 1918இலிருந்து சர்பத் விற்கும் கடை. இளநீர் சர்பத் கேளுங்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில்தான் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சொந்தத் தொகுப்பு இருக்கிறது, அச்சு நூல்களும் சுவடிகளும் சேர்த்து. சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை அது. ஆராய்ச்சி வேலை உள்ளவர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் ஒதுக்கலாம்.

எப்போது போவது? மழைக்காலம் கூடவே கூடாது. காலேஜ் ஸ்ட்ரீட் தாழ்வான இடம், தண்ணீர் தேங்கும். 2020 மே மாதம் ஆம்பன் புயலில் அந்தத் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. துர்கா பூஜை சமயத்தில் ஊர் அழகு, கடைகள் மூடல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். ஜனவரி கடைசியில் புத்தகக் கண்காட்சியும் சேர்ந்துகொள்ளும், நலேன் குர் என்கிற புது ஈச்சவெல்ல இனிப்புகளும் கிடைக்கும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். விமானத்தில் உள்நாட்டுப் பயணத்துக்குப் பொதுவாக 15 கிலோ. கெட்டி அட்டைப் புத்தகம் பத்துப் பதினைந்து வாங்கினாலே துணிமணியோடு சேர்ந்து அது தீர்ந்துவிடும். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை கூடுதல் கட்டணம் இல்லை. புத்தகம்தான் நோக்கம் என்றால் திரும்பி வருவதாவது ரயிலில் இருக்கட்டும். சென்னையிலிருந்து மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு பகல், ஒரு இரவு, அது தாங்கும்.

ஆக, கையில் ஒரே ஒரு நாள்தான், அதுவும் எந்தக் கிழமை என்று நம் கையில் இல்லை என்பவருக்கு மும்பை. எப்படியும் டெல்லி போகிறவர் திரும்பும் டிக்கெட்டை ஞாயிறு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாள் முழுசாகக் கிடைத்து, கையில் கறுப்பு மையும் தூசியும் படிய அலையத் தயார் என்பவர் கொல்கத்தாவுக்குப் போகட்டும். சனி புத்தகம், ஞாயிறு மியூசியம், திங்கள் மறுபடி புத்தகம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

மருமகன் கொல்கத்தாவைத்தான் எடுத்துக்கொண்டான். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சனி முற்பகல் ஷாலிமார், திங்கள் இரவு ஹவுராவிலிருந்து மெயில். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்துக் கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறேன். நேற்று மறுபடி போன் செய்து, "உங்களுக்கு ஏதாவது வேணுமா மாமா?" என்று கேட்டான். பிரசிடென்சி சுவரை ஒட்டி, ஊதா முத்திரை போட்ட ஒரு கெஸட்டியர் இன்னும் கிடந்தால் வாங்கி வா, மேப் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்றேன்.